மேசையில் ஓடுது, செட்டில் ஓடலை: நீண்ட கேபிளில் கெட்டுப்போகும் டிஜிட்டல் சிக்னலைச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

பல்லடம் பக்கத்தில் என் மாமாவுக்குக் கறிக்கோழிப் பண்ணை. 200 அடி நீளச் செட்டு. வெப்பநிலையைப் பார்த்து ஃபேனை ஓட்டவும் நிறுத்தவும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டும் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் நான்கும் மாட்டிக் கொடுத்திருந்தேன். வீட்டு மேசையில் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கொண்டுபோனேன். குஞ்சு இறக்கிய மூன்றாம் நாள், இரவு ஒன்றரை மணிக்கு போன் வந்தது.

"மாப்ளே, ஃபேன் நிக்கவே மாட்டேங்குதுங்க. குஞ்செல்லாம் மூலைல குமிஞ்சு கெடக்குது."

முதல் வாரக் குஞ்சுக்கு 33, 34 டிகிரி சூடு வேண்டும். குளிர் பட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும், அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கழுத்தில் டார்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் குஞ்சுகளை வாரி வாரி ப்ரூடர் பல்புக்கு அடியில் விட்டுக்கொண்டிருந்தார். திரையில் இரண்டு சென்சார் 85.00 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. செட்டு அவ்வளவு சூடு என்று நம்பி, போர்டு எல்லா ஃபேனையும் ஓட்டியிருக்கிறது.

அந்த ஒரு பழுதைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் ஒரு நாள் போதும். தோட்டத்துச் சாளையிலிருந்து கிணற்று மோட்டார் ரூமுக்கு, மேல்தொட்டிக்கு, தறிக் குடோனுக்கு என்று சென்சார் கம்பி இழுக்கிறவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன். நம் பக்கத்தில் எந்த வேலையை எடுத்தாலும் தூரம் ஐம்பது மீட்டருக்குக் குறையாது. கூடவே த்ரீ பேஸ் மோட்டார் ஒன்றாவது இருக்கும்.

கம்பியும் ஒரு உறுப்பு

சர்க்யூட் வரையும்போது கம்பியை ஒரு கோடாகப் போடுகிறோம். கோட்டுக்கு மதிப்பு கிடையாது. கையில் இருக்கும் கேபிளுக்கு உண்டு. சாதாரண கேட்-5 நெட்வொர்க் கேபிளில் ஒரு ஜோடிக்கு மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு 8, 9 ஓம் ரெசிஸ்டன்ஸ். ஒரு மீட்டரைக் கடக்க சிக்னலுக்கு ஏறக்குறைய 5 நானோ விநாடி ஆகும். இந்த மூன்று எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுதைக் காகிதத்திலேயே பிடித்துவிடலாம். மீதிப் பாதி வெளியிலிருந்து வருவது. மோட்டார், அதை எடுத்து விடும் கான்டாக்டர் ஸ்விட்ச், இடி, ஈரம்.

படி 1: எண் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

பழுது வந்ததும் புது சென்சார் வாங்க ஓடாதீர்கள். தவறான எண்ணே ஒரு சாட்சி.

டிஎஸ்18பி20 சென்சார் 85 காட்டினால் அது வெப்பம் இல்லை. மின்சாரம் வந்தவுடன் அந்த சிப்பின் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு அது. அளக்கும்போது நடுவில் மின்சாரம் தடுமாறி சிப் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது, இல்லையென்றால் 'அளந்து சொல்' என்ற கட்டளை அதன் காதில் விழவே இல்லை. இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். வழியில் பிட் கெட்டதா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையில் இந்த 85 சரி என்றே தேறிவிடும். சிப் உண்மையாகவே அந்த எண்ணைத்தான் அனுப்புகிறது, வழியில் ஒன்றும் கெடவில்லை. ஆகவே 85 வந்தால் டேட்டா கம்பியை விட்டுவிட்டு பவரை முதலில் பாருங்கள்.

-127 என்று லைப்ரரி காட்டினால் சென்சாரிடமிருந்து நம்பத்தக்க பதில் வரவில்லை. கம்பி அறுந்திருக்கலாம், சிக்னல் விளிம்பு, அதாவது 0-விலிருந்து 1-க்கு ஏறும் இடம், மழுங்கியிருக்கலாம். விடாமல் 0 டிகிரியே வந்தால் டேட்டா கம்பி கிரவுண்டில் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா பிட்டும் பூஜ்யம் என்றால் சிஆர்சியும் பூஜ்யம்தான், பழைய நிரல்கள் அதையும் சரி என்று எடுத்துக்கொள்ளும்.

எப்போது வருகிறது என்பது அடுத்த சாட்சி. நேரத்தோடு ஒரு பதிவு எழுதவிடுங்கள், ஒரு நாள் போதும். ஃபேன் எடுக்கும் நொடியில் வந்தால் அது பவர் அல்லது இரைச்சல். விடியற்காலைப் பனியில் மட்டும் வந்தால் ஜாயின்ட்டில் ஈரம். நேரம் காலம் இல்லாமல் நூற்றுக்குப் பத்து என்று வந்தால் விளிம்பு மழுங்கல். மாமாவின் செட்டில் இரண்டு கலந்திருந்தது, அதனால்தான் அவ்வளவு நாள் குழம்பினேன்.

படி 2: முழுக் கேபிளையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மேசையில் நாம் சோதிப்பது அரை அடி ஜம்பர் வயரில். செட்டில் ஓடுவது 60 மீட்டரில். அதே 60 மீட்டரைச் சுருளாகவே மேசையில் வைத்து, இரு முனையிலும் மாட்டி ஓட்டுங்கள். பக்கத்தில் மோட்டார் இல்லை, ஈரம் இல்லை.

இங்கேயே தப்பு வந்தால் குற்றம் கேபிள் மேல், அதாவது நம் கணக்கின் மேல். படி 4, 5 உங்களுக்கு. மேசையில் சுத்தமாக ஓடி, செட்டில் மட்டும் கெட்டால் குற்றம் சூழல் மேல். படி 3-ஐ முடித்துவிட்டு நேரே 6-க்குப் போகலாம். ஏற்கெனவே இழுத்து ஆணி அடித்தாகிவிட்டது என்றால் அதே வகைக் கேபிளில் அதே நீளம் வாங்கிச் சோதியுங்கள். பின்னால் எப்படியும் உதவும்.

படி 3: மல்டிமீட்டர் வேலை

சிக்னலை அலையாகக் காட்டும் ஸ்கோப் இல்லையே என்று உட்கார வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரே நிறையச் சொல்லும்.

முதலில் தூரத்து முனையில் வோல்டேஜ், சென்சார் மாட்டியபடியே, சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போது. அளந்தால் குறைகிறதா? பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பியையும் முறுக்கிச் சேருங்கள், மறுமுனையில் ஓம் பாருங்கள். 60 மீட்டர் நல்ல செம்பு கேபிளில் போக வர 10 ஓம் அளவு வரும். 15, 16 வந்தால் உங்களுக்குக் கிடைத்தது அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியது. கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சென்சார் மட்டும் என்றால் சமாளிக்கலாம். அந்த முனையில் ஒரு வைஃபை போர்டை வைத்தால் முடியாது. அது அனுப்பும் நொடியில் 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஓமிலேயே 3 வோல்ட் கம்பியில் போய்விடும். அப்படியானால் 12 வோல்ட்டை அனுப்பி அந்த முனையில் பக் கன்வெர்ட்டர் வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜாயின்ட். கோழிச் செட்டில் எருவிலிருந்து அம்மோனியா கிளம்பிக்கொண்டே இருக்கும், செம்பை அரிக்கும். நான் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டை நான்கு மாதம் கழித்துப் பிரித்தபோது உள்ளே கம்பி நீலப்பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. தொட்டதும் முறிந்தது. மல்டிமீட்டர் அந்த நாள் காலைகூட அதைச் 'சரி' என்றுதான் காட்டியது. சால்டர் வைத்து, உள்ளே பசை உருகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். பண்ணையில் வேறு எதுவும் நிற்காது.

மூன்றாவது, எந்தக் கம்பியோடு எந்தக் கம்பி முறுக்கியிருக்கிறது. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டேட்டாவுக்கு ஆரஞ்சு, கிரவுண்டுக்கு பிரவுன் என்று கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் எடுத்தால், முறுக்கியதன் பயன் போய்விடும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். டேட்டா ஆரஞ்சு என்றால் கிரவுண்ட் ஆரஞ்சு-வெள்ளை. சிப்புகள் இரண்டு கம்பியில் பேசும் ஐ2சி முறையில் டேட்டாவையும் கிளாக்கையும் ஒரே ஜோடியில் போடவே கூடாது. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். ஒவ்வொன்றுக்கும் தனி ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கிரவுண்ட்.

படி 4: மழுங்கும் விளிம்பு, ஒரு சின்னக் கணக்கு

ஒன்-வயர் (டிஎஸ்18பி20 பேசும் முறை), ஐ2சி இரண்டிலும் சிப் கம்பியைக் கீழே இழுக்க மட்டும் செய்யும். மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் ஒரு தொட்டி என்றால் இந்த ரெசிஸ்டர் அதை நிரப்பும் குழாய். குழாய் சிறுத்தால் தொட்டி நிறைய நேரமாகும்.

எங்கள் செட்டின் கணக்கையே சொல்கிறேன். 60 மீட்டர், மீட்டருக்கு 50 பிக்கோ, ஆக 3 நானோ ஃபாரட். எல்லாரும் போடும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பெருக்கினால் 14 மைக்ரோ விநாடி. இது 63 சதவீதம் ஏற ஆகும் நேரம். ஆனால் ஒன்-வயர் முறையில் பிட்டைப் படிக்க, அந்தப் பிட்டுக்கான நேரம் (ஸ்லாட்) தொடங்கி 15 மைக்ரோ விநாடிக்குள் பார்த்தாக வேண்டும். தொடக்கத் துடிப்பு போக நமக்கு மிஞ்சுவது 10 மைக்ரோ விநாடி. அதற்குள் கம்பி பாதிதான் ஏறும், 3.3 வோல்ட்டில் 1.68 வோல்ட். இஎஸ்பி32 உறுதியாக 1 என்று ஏற்க அதன் பவரில் முக்கால் பங்கு வேண்டும், சுமார் 2.5 வோல்ட். 1.68 இரண்டுங்கெட்டான் இடம். ஒரு முறை 1 என்று படிக்கும், அடுத்த முறை 0. சென்சார் நல்ல சென்சார், நிரல் நல்ல நிரல், ஆனாலும் வரும், வராது.

4.7-ஐ எடுத்துவிட்டு 1.5 கிலோ ஓம் போட்டேன். 4.5 மைக்ரோ விநாடி. அதே 10 மைக்ரோ விநாடியில் 2.9 வோல்ட்டைத் தாண்டியது. -127 அன்றோடு நின்றது. ஐம்பது காசு ரெசிஸ்டர்.

சரி, அப்படியானால் 100 ஓம் போட்டுவிடலாமே? கூடாது. சென்சார் அந்த மின்சாரத்தைக் கீழே இழுத்தாக வேண்டும். டிஎஸ்18பி20 4 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட்டில் 1 கிலோவுக்குக் கீழே, 5 வோல்ட்டில் 1.2 கிலோவுக்குக் கீழே நான் போவதில்லை.

கெப்பாசிட்டன்ஸை எண்ணும்போது கட்டுப்பெட்டியிலிருந்து கடைசி சென்சார் வரை மட்டும் எண்ணாதீர்கள். எல்லாக் கிளையும் சேரும். நடுவிலிருந்து நான்கு பக்கமும் 30 மீட்டர் இழுத்தால் பஸ், அதாவது எல்லா சென்சாரும் சேர்ந்து பேசும் கம்பி, 30 மீட்டர் இல்லை, 120 மீட்டர். அதோடு ஒவ்வொரு கிளை முனையிலிருந்தும் எதிரொலி வேறு. ஒரே கேபிள் செட்டின் நீளத்துக்குப் போகட்டும், சென்சார்கள் அரை அடி வாலோடு அதில் தொங்கட்டும்.

ஐ2சி-க்கு இதே கணக்கு இன்னும் கடுமை. அதன் விதிப்படி பஸ்ஸில் மொத்தம் 400 பிக்கோ ஃபாரட்தான் இருக்கலாம். கேபிள் மட்டும் 8 மீட்டரில் அதைத் தின்றுவிடும். வேகத்தை 100 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 10-க்குக் குறைத்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அதற்கு மேல் பிசிஏ9615 மாதிரி, சிக்னலை இரண்டு கம்பியின் வித்தியாசமாக அனுப்பும் டிஃபரன்ஷியல் சிப்பை இரு முனையிலும் போடுங்கள், அல்லது படி 7.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. குறைத்ததும் பழுது போய்விட்டால் நோய் மழுங்கல். எவ்வளவு குறைத்தாலும் அப்படியே இருந்தால் நோய் வேறு.

படி 5: எதிரொலி

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வருமே, அதேதான். வேகமான விளிம்பு கேபிளில் ஓடி, தூரத்து முனையில் முட்டித் திரும்பி வரும். அந்தத் திரும்பிய அலையைச் சிப் இன்னொரு கிளாக் துடிப்பு என்று எண்ணிவிடும். சிப்புகள் வேகமாகப் பேசும் எஸ்பிஐ முறையின் கம்பிகளிலும் டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டைகளிலும் இது அதிகம்.

முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, இங்கே கணக்கு கிளாக்கின் வேகம் இல்லை, விளிம்பின் வேகம். நொடிக்கு ஒரு முறை மாறினாலும் மாறும் அந்தக் கணம் சில நானோ விநாடிதான். மீட்டருக்கு 5 நானோ விநாடி என்றால் 2 மீட்டர் போய்த் திரும்ப 20. விளிம்பு அதைவிட வேகம் என்றால் எதிரொலி தனியாகத் தெரியும். வைத்தியம் எளிது. சிக்னல் கிளம்பும் பின்னுக்கு ஒட்டி 68 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். கேட்-5 ஜோடியின் இம்பீடன்ஸ், அதாவது ஓடும் அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 100 ஓம். சிப்பின் சொந்த ரெசிஸ்டன்ஸும் இதுவும் சேர்ந்து ஏறக்குறைய அதற்கு ஈடாகிவிடும், திரும்பி வரும் அலை இங்கே அடங்கும். வாங்கும் முனையில் போட்டால் இந்தப் பலன் இல்லை.

எல்இடி பட்டைக்கு இன்னொரு நோயும் உண்டு. 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812 சிப்புக்கு 3.5 வோல்ட் வந்தால்தான் 1. இஎஸ்பி32 தருவது 3.3. கோயில் நோம்பிக்கு சீரியல் லைட் கட்டும்போது முதல் விளக்கே கண்டபடி மின்னினால் நடுவில் 3.3-ஐ 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் 74ஏஹெச்சிடி125 சிப் ஒன்றைப் போடுங்கள்.

ஸ்கோப் கிடைத்தால் வாங்கும் முனையில் வைத்துப் பாருங்கள், அனுப்பும் முனையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். ப்ரோபை பத்து மடங்குக்கு மாற்றி, கிரவுண்ட் கிளிப்பைப் பக்கத்திலேயே மாட்டுங்கள். மலிவான டிஎஸ்ஓ138 கிட் இதற்கு உதவாது, 200 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் அதன் கண். 24 மெகா ஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் பிட்டுகளைப் படிக்க அருமையான கருவி, ஆனால் அதற்கு 0, 1 மட்டும்தான் தெரியும். மழுங்கலையும் எதிரொலியையும் அது காட்டாது.

படி 6: இரைச்சல்

இனி அந்த 85-க்கு வருவோம். கம்பி மிச்சம் பிடிக்க நினைத்து சென்சார்களை இரண்டு கம்பியில் ஓட்டியிருந்தேன். டேட்டா கம்பியிலிருந்தே சிப் பவரை எடுத்துக்கொள்ளும் முறை. வெப்பத்தை அளக்க அதற்கு 750 மில்லி விநாடி ஆகும், அவ்வளவு நேரமும் கம்பி அசையாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபேனின் கான்டாக்டர் 'டக்' என்று விழும். அதன் காயில் (கம்பிச் சுருள்) விடும்போது எழும் மின் அதிர்வு பக்கத்திலேயே ஓடிய என் கேபிளில் பாயும், சிப் தடுமாறும், 85 சொல்லும். 85 என்று கேட்டதும் போர்டு ஃபேனை மறுபடி எடுக்கச் சொல்லும். கான்டாக்டர் மறுபடி 'டக்'. தன் தப்பைத் தானே வளர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

சரிசெய்தது இந்த வரிசையில். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அரை நாள் பதிவைப் பார்த்தேன்.

முதலில் மூன்றாவது கம்பி, பவருக்குத் தனியாக. பிறகு ஒவ்வொரு சென்சாரின் காலடியிலும் பவருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோ ஃபாரட், அதோடு ஒரு 10 மைக்ரோ ஃபாரட். இதிலேயே முக்கால்வாசி போனது. அடுத்து கேபிளை மோட்டார் வயரிலிருந்து ஒரு அடி தள்ளி இழுத்துக் கட்டினேன், கடக்கும் இடத்தில் மட்டும் குறுக்காக, கூட்டல் குறி போல. கடைசியாகக் கான்டாக்டர் காயில் மேல் 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்த்து, அந்த அதிர்வை உறிஞ்ச ஒரு ஸ்னப்பர். நோய் பிறக்கும் இடத்தில் போடும் வைத்தியம் இது. அந்தக் கெப்பாசிட்டர் கண்டிப்பாக எக்ஸ்2 வகையாக இருக்க வேண்டும், மெயின்ஸில் வேறு வகை தீப்பிடிக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

நிரலில் திருத்துவதைக் கடைசிக்கு வையுங்கள். சிஆர்சி பாருங்கள், ஒரு நொடியில் 30-லிருந்து 85-க்குத் தாவினால் தள்ளுங்கள், மறுபடி கேளுங்கள். ஆனால் தள்ளியதை எண்ணி வையுங்கள். முதலிலேயே இதைப் போட்டுவிட்டால் நோய் உள்ளேயே வளரும். சென்சார் முற்றிலும் போனால் ஃபேன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எங்கள் செட்டில் இப்போது டைமரில் ஓடும், மாமாவின் போனுக்கு அடிக்கும்.

படி 7: தூரம் இன்னும் அதிகமென்றால்

100 மீட்டர் தாண்டி மோட்டார் ரூமுக்குப் போக வேண்டுமா? நேரே ஆர்எஸ்-485. 1983-இல் வந்த தரம், மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர் போகும். சென்சார் பக்கத்திலேயே ஒரு சின்ன போர்டை வைத்து, அது படித்து நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் அனுப்பட்டும். இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரண்டிலும் சேர்ந்து விழும் இரைச்சல் கழிந்துவிடும்.

120 ஓம் முடிவு ரெசிஸ்டர் இரு கடைசி முனையில் மட்டும். கடையில் கிடைக்கும் நீல நிற மாக்ஸ்485 போர்டுகள் பலவற்றில் அது முன்கூட்டியே சால்டர் ஆகி வரும். எட்டு போர்டு மாட்டினால் எட்டும் சேர்ந்து 15 ஓம் ஆகி லைன் படுத்துவிடும். பவரை அணைத்து ஏ, பி கம்பிகளுக்கு நடுவே ஓம் பாருங்கள், 60 அளவு வந்தால் சரி. ரொம்பக் குறைந்தால் நடுவில் உள்ள போர்டுகளில் அதைக் கழற்றுங்கள். மாக்ஸ்485 5 வோல்ட் சிப், இஎஸ்பி32 பின் அதைத் தாங்காது. 3.3 வோல்ட்டுக்கான மாக்ஸ்3485 வாங்குங்கள்.

மூன்றாவதாக ஒரு கிரவுண்ட் கம்பியும் வேண்டும். வாங்கும் சிப்பின் கிரவுண்டிலிருந்து பார்க்கும்போது ஏ, பி கம்பிகளின் வோல்டேஜ் -7 முதல் +12 எல்லைக்குள் இருந்தால்தான் சிப் கேட்கும். மோட்டார் ரூமில் ஒரு எர்த், சாளையில் ஒரு எர்த் என்றால், மோட்டார் ஓடும்போது இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். பல வோல்ட் தெரிந்தால் தனிமைப்படுத்திய ஆர்எஸ்-485 போர்டு போடுங்கள். ஐப்பசி இடிமழையில் திறந்த வெளிக் கேபிளுக்கு இரு முனையிலும் திடீரென்று ஏறும் வோல்டேஜை உறிஞ்சும் எஸ்எம்712 டிவிஎஸ் டயோடு போடுவேன். பக்கத்துப் பனைமரத்தில் நேரே விழும் இடியை அது தாங்காது. அப்படிப்பட்ட வெட்டவெளித் தோட்டத்துக்குக் கம்பியை மறந்துவிட்டு லோரா ரேடியோ வைப்பதே நல்லது.

படி 8: ஒப்படைக்கும் முன்

எல்லாம் முடிந்ததும் இரவு வரை இருந்து பாருங்கள். பக்கத்துக் குடோனில் தறிகள் ஓடும் நேரம்தான் சரியான நேரம். ஃபேன் எல்லாவற்றையும் கையால் இருபது முறை எடுத்து விடுங்கள், தள்ளிய எண்ணிக்கை ஏறுகிறதா என்று திரையைப் பாருங்கள். அடுத்த குஞ்சு இறக்குவதற்கு முந்தின இரவு நான் பார்த்தபோது இருபதுக்கு ஒன்று ஏறியது. கடைசி சென்சாரில் கெப்பாசிட்டரின் ஒரு கால் சால்டர் பிடிக்காமல் இருந்தது. அதைத் தொட்டு வைத்துவிட்டு மறுபடி இருபது முறை. ஏறவில்லை.

பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். கேபிள் 60 மீட்டர், புல்-அப் 1.5 கிலோ, ஆரஞ்சு டேட்டா, ஆரஞ்சு-வெள்ளை கிரவுண்ட், நீலம் பவர், நீல-வெள்ளை கிரவுண்ட். மாமா அதற்குக் கீழே தன் கையெழுத்தில் குஞ்சு இறக்கிய தேதியை எழுதியிருக்கிறார்.